குவேசார் ஏன் கூடிக் குறையுது? உங்க கேள்விகளுக்கு பதில்

மன்னார்குடி தம்பி: அக்கா, குவேசாரோட ரேடியோ வெளிச்சத்த ஒரு தடவ அளந்தா போதாதா, ஏன் நாப்பது வருஷமா அதையே பாக்குறாங்க?

போதாது தம்பி. மேட்டூர்ல இன்னைக்கு 90 அடின்னு மட்டும் சொன்னா நம்ம கடைமடைக்காரருக்கு என்ன புரியும், ஏறுதா இறங்குதான்னு தெரிய வேணாமா, அதே கதைதான். குவேசார்ங்கிறது தூரத்து கேலக்ஸி ஒண்ணோட பிரகாசமான நடுப்பகுதி, அங்க சூரியனை விட கோடிக்கணக்கான மடங்கு எடையுள்ள கருந்துளை, அதுலேர்ந்து கிட்டத்தட்ட ஒளி வேகத்துல ஜெட், அதாவது பீச்சியடிக்கிற துகள் தாரை, கிளம்புது, அதுல ஒரு வெடிப்பு ஏறி இறங்க மாசக்கணக்கு, சிலதுல வருஷக்கணக்கு ஆகும். 3சி 273-ங்கிற குவேசார் மாறுதுன்னு 1965-லயே டென்ட்ங்கிற வானியலாளர் எழுதிட்டாரு, அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்தோட 26 மீட்டர் ரேடியோ டிஷ் 2012 வரைக்கும் ஓடுச்சு, பின்லாந்து மெட்சாஹோவில 1980-லேர்ந்து 37 கிகாஹெர்ட்ஸ்ல பாக்குறாங்க. நடுவுல ரெண்டு வருஷம் விட்டா அந்த வெடிப்பு போனது போனதுதான்.

திருவாரூர் அண்ணன்: எல்லா அலைவரிசையிலயும் ஒண்ணாவே கூடுமா?

பெரும்பாலும் இல்லண்ணே, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதுதான். முதல்ல 37 கிகாஹெர்ட்ஸ்ல ஏறும், அப்புறம் 14.5, அப்புறம் 8, கடைசியா 4.8. ஜெட்டுல அதிர்வலை கிளம்புற எடம் அடர்த்தியா இருக்கும், கீழ் அலைவரிசையை அங்க உள்ள எலக்ட்ரான்களே உறிஞ்சிக்கும், அது விரிய விரியத்தான் ஒவ்வொண்ணா வெளிய வரும். ஒத்த அலைவரிசைய மட்டும் பாத்தா இது தெரியவே தெரியாது.

கும்பகோணம் சார்: மாறுறது குவேசாரா, மிஷினா?

டிஷ்ஷ சோர்ஸ், அதாவது அளக்குற குவேசார், மேல வைப்பாங்க, அப்புறம் பக்கத்துல வெறும் வானத்துல, திரும்ப சோர்ஸ்ல, ஒண்ணுலேர்ந்து ஒண்ண கழிப்பாங்க. நடுநடுவுல 3சி 286 மாதிரி மாறாத சோர்ஸையும் பாப்பாங்க, அதுவும் சேர்ந்து ஏறுச்சுன்னா கோளாறு ரிசீவர்லதான் சார். ரொம்பக் கீழ் அலைவரிசையில இன்னொரு சிக்கல் இருக்கு, நம்ம பால்வெளியில உள்ள அயனி வாயுவே சிக்னலை மினுக்க வைக்கும்.

நாகப்பட்டினம் தங்கச்சி: ஐப்பசி அடைமழையில பாக்கலாமா?

1.4 கிகாஹெர்ட்ஸ்ல தாராளமா பாக்கலாம்மா, 37-ல மேகமே தொந்தரவு. பகல்லயும் பாக்கலாம், சூரியனை ஒட்டி இல்லாம இருந்தா சரி.

பட்டுக்கோட்டை, பிளஸ் டூ: வீட்டு டிடிஎச் டிஷ்ஷுல குவேசார் கிடைக்குமாக்கா?

கிடைக்காதுடா கண்ணா, சிக்னல் அவ்வளவு மெலிசு. ஆனா சூரியன் கிடைக்கும். சாட்டிலைட் ஃபைண்டர் மீட்டரை மாட்டி, சூரியன் வரப்போற எடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி டிஷ்ஷ திருப்பி அசைக்காம விட்டுடு, நிமிஷத்துக்கு ஒரு தடவ மீட்டரைப் பாத்து எழுது, முள்ளு ஏறி இறங்குறத கிராஃப் ஷீட்ல போட்டு எனக்கு அனுப்பு, அடுத்து என்ன பண்ணலாம்னு சொல்றேன்.