எண்ணூர் அலையாத்தியும் 96 சதவீதமும்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன். செயற்கைக்கோள் படங்களை ஆராயும் ரிமோட் சென்சிங்கும் காட்டுச் சூழலியலும் சேர்ந்த ஆய்வில் பிஎச்.டி. செய்ய ஆசை. வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு எழுதினால் பதிலே இல்லை. நெட் தேர்வு எழுதுவதா, கேட் தேர்வு எழுதுவதா? எண்ணூர் அலையாத்திக்கு நான் செய்த வரைபடத்தை இணைத்திருக்கிறேன். துல்லியம் 96 சதவீதம்.

கே., திருவொற்றியூர்

அன்புள்ள கே.,

இரண்டையும் எழுதுங்கள். நெட் வழியாக ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். கேட்டில் சூழலியலுக்குத் தனித் தாள் உண்டு. மின்னஞ்சல் நடையைப் பற்றியெல்லாம் கவலை வேண்டாம். பதில் வராததற்கு அந்த 96 ஒன்றே போதும்.

ஒரே அலையாத்தித் திட்டைச் சுற்றிக் கோடு போட்டு, அதற்குள் இருந்த பிக்சல்களில் 70 சதவீதத்தைக் கணினிக்குப் பயிற்சி கொடுக்கவும் மீதியை அதைச் சோதிக்கவும் எடுத்திருக்கிறீர்கள். அடுத்தடுத்த பிக்சல்கள் ஒன்றுபோலத்தானே இருக்கும்? விடைத்தாளைக் கையில் கொடுத்துப் பரீட்சை வைத்த கதை இது. சோதனைக்கு வேறு திட்டு வேண்டும். துறையில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள் என்பீர்கள். செய்யட்டும், உங்களுக்கென்ன?

தூர்வாரிக் கொட்டிய மேட்டில் நிற்கும் சீமைக்கருவேலமும் உங்கள் படத்தில் அலையாத்தி ஆகிவிட்டது. செடியின் பசுமையை அளக்கும் என்டிவிஐ குறியீட்டுக்கு இரண்டும் ஒரே பச்சை. ஈரச் சேற்றில் நிற்பதைப் பிரித்துக்காட்டுவது கண்ணுக்குத் தெரியாத குற்றலை அகச்சிவப்பு ஒளி. சென்டினல்-2 செயற்கைக்கோளில் அது 11ஆம் பட்டை, பிக்சல் 20 மீட்டர். படம் எடுத்த காலை பத்தரை மணிக்கு ஓதம் ஏறியிருந்ததா என்றும் பார்க்கவில்லை. ஏறியிருந்தால் குட்டை மரங்கள் தண்ணீர்க் கணக்கில் போய்விடும்.

இதெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்து தீராது, களத்துக்குப் போகவேண்டும். மரங்களை அளக்கக் குறிக்கும் சதுரத்தை, அதாவது பிளாட்டை, 10×10 மீட்டரில் போடாதீர்கள். போன் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும், இலைக்கு அடியில் இன்னும் மோசம். உங்கள் பிளாட் நாலு பிக்சலில் சிதறிக் கிடக்கும். 30×30 போட்டு, நடுவில் நின்று பத்து நிமிஷ அளவீட்டின் சராசரியை எடுங்கள். தண்டின் சுற்றளவு 1.3 மீட்டர் உயரத்தில். வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் அதற்குக் கீழேயே கிளைத்திருந்தால் ஒவ்வொரு தண்டையும் தனியாக அளந்து, ஒரே மர எண்ணில் எழுதுங்கள். திட்டு 30 மீட்டர் அகலமே இல்லையா? அப்படியானால் சென்டினலை வைத்து அதை நம்பகமாக அளக்க முடியாது. அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பேராசிரியர் அந்த வரியில்தான் நிற்பார்.

தண்ணீர் வற்றும் நேரத்தை முகத்துவாரக்குப்பத்து மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களில் கால் சட்டென்று புதையும். தனியாக இறங்கவே கூடாது.