மலையேறப் போறப்ப கேமராவுக்கு எந்த பேக் எடுக்கலாம்?

கேள்வி இதுதான்: கேனான் ஆர்7 வெச்சிருக்கேன், 18-150, ஆர்எஃப் 100-400ன்னு ரெண்டு லென்ஸ், சின்ன ட்ரைபாட் ஒண்ணு, வெள்ளியங்கிரி ஏறணும், அப்புறம் டாப்ஸ்லிப், வால்பாறை பக்கம் பறவை எடுக்கப் போகணும், பத்தாயிரத்துக்குள்ள ஒத்தைத் தோள்ல மாட்டற ஸ்லிங் பை வாங்கவா இல்ல கேமரா பேக்பேக் வாங்கவா, எத்தனை லிட்டர்?

என்னைக் கேட்டா ரெண்டுமே வேணாம். 30 லிட்டர் சுத்தி ஒரு நல்ல ட்ரெக்கிங் பேக் வாங்குங்க, அதுக்குள்ள வைக்க கேமரா கியூப், அதாவது ஸ்பாஞ்ச் வெச்ச சின்னப் பெட்டி மாதிரி பை, தனியா வாங்குங்க.

ஏன்னு கணக்கு போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும். ஆர்7 பேட்டரியோட 612 கிராம், 18-150 ஒரு 310, 100-400 ஒரு 635, எல்லாம் சேந்து ஒன்றரை கிலோவுக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். ஆனா நீங்க ரெண்டு மூணு லிட்டர் தண்ணி தூக்கணும், அதுவே ரெண்டு மூணு கிலோ, அப்புறம் சாப்பாடு, ரெயின் ஜாக்கெட், டார்ச், ட்ரைபாட், பேக்கோட சொந்த வெயிட்டுன்னு எட்டு கிலோகிட்ட வந்துடும். அதுல கேமரா அஞ்சுல ஒரு பங்குதான். கேமரா பேக்பேக் பண்றவங்க நிறைய பேர் அந்த அஞ்சுல ஒரு பங்குக்காக உள்ள பூரா ஸ்பாஞ்ச் தடுப்பா வெச்சுத் தெச்சுடறாங்க, தண்ணிக்கும் ஜாக்கெட்டுக்கும் இடமே இருக்காது, இடுப்பு பெல்ட்டுன்னு பேருக்கு ஒரு மெல்லிசான நாடா தொங்கும். ஸ்லிங் வால்பாறையில ரோட்டோரமா நின்னு சிங்கவால் குரங்கு எடுக்கறதுக்கு சரி. வெள்ளியங்கிரியில ஏழு மலை ஏறணும், ஒரு கையில மூங்கில் கம்பு இருக்கும், பாதிப் பேர் ராத்திரியிலதான் ஏறுவாங்க, அங்க ஒவ்வொரு படிக்கும் ஸ்லிங் முன்னாடி வந்து ஆடும், ஒரே தோள் மொத்த வெயிட்டையும் வாங்கும்.

வாங்கறப்ப பாக்கெட் எத்தனைன்னு எண்ணாதீங்க, முதுகுக்குப் பொருந்துதான்னு மட்டும் பாருங்க. தலையைக் குனிஞ்சா பின்கழுத்துல ஒரு எலும்பு துருத்தும், அங்கேருந்து இடுப்பெலும்பு மட்டம் வரைக்கும் டேப் வெச்சு வீட்லயே அளந்துக்கங்க, அந்த அளவுக்கு ஏத்த சைஸ் பேக்தான் உங்களுக்கு, ஆள் உயரத்தை வெச்சு முடிவு பண்ண முடியாது. கடைக்குப் போறப்ப கேமராவையும் நிரப்பின தண்ணி பாட்டிலையும் கூடவே கொண்டு போங்க. எல்லாத்தையும் உள்ள போட்டு மாட்டி முதல்ல இடுப்பு பெல்ட்டை இறுக்குங்க, கை வெச்சா தட்டுப்படுற அந்த எலும்பு மேல பெல்ட் உக்காரணும், தொப்பை மேல இல்ல. அப்புறம்தான் தோள் பட்டை. இப்ப தோள் பட்டைக்கு அடியில ரெண்டு விரல் விட்டுப் பாருங்க, லேசா போய் வந்தா வெயிட் இடுப்புக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம், விரல் போகாம தோளை அழுத்துச்சுன்னா அந்த பேக்கை வெச்சுட்டு வந்துடுங்க, எவ்ளோ தள்ளுபடி குடுத்தாலும் சரி.

கியூப்புக்கு 100-400 மாட்டின நிலையில கேமரா படுக்கற நீளம் வேணும், ஒரு 25 செ.மீ., அதுக்கு மேல ரெண்டு விரல் இடம். அதை பேக்கோட அடியில போடாதீங்க, முதுகை ஒட்டி நடுவுல வரணும், அடியில ஜாக்கெட் போட்டு தூக்கிவிடுங்க. கியூப்ல வெல்க்ரோ மூடியா ஜிப்பான்னு கட்டாயம் பாருங்க, இருவாச்சி கிளையில உக்காந்திருக்கறப்ப நீங்க வெல்க்ரோவை சர்ருன்னு பிரிச்சா அது பறந்தே போயிடும். பேக்கும் பச்சை, பழுப்புன்னு மங்கின கலரா எடுங்க.

எல்லாம் உள்ள இருந்தா அவசரத்துக்கு எப்படி எடுக்கறதுன்னா, தோள் பட்டையில மாட்டற கேமரா கிளிப் கிடைக்குது, 18-150 மாட்டின ஆர்7 அதுல தாராளமா தொங்கும். வனத்துறை கைடோட போறப்ப குரூப் உங்களுக்காக ஒவ்வொரு தடவையும் நிக்காது, அதுக்கு இது பெரிய உதவி. 100-400 மாட்டித் தொங்கவிடறது சமதரையில மட்டும், செங்குத்தா இறங்கறப்ப குனிஞ்சா பாறையில இடிச்சிடும்.

மழை விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். ஆர்7 பாடி தூசி, தூறலுக்குத் தாங்குற மாதிரி சீல் பண்ணினது, ஆனா உங்க ரெண்டு லென்ஸுக்கும் அந்த சீலிங் கிடையாது. பேக்கோட வர்ற ரெயின் கவர் முன்பக்கத்தைத்தான் மூடும், முதுகுப் பக்கம் திறந்துதான் கிடக்கும், உங்க கழுத்து வழியா இறங்கற தண்ணியும் வேர்வையும் அந்தப் பக்கமாத்தான் உள்ள ஊறும், போதாக்குறைக்கு அதே தண்ணி கவரோட அடியில தேங்கி நிக்கும். அதனால கியூப்பை வாய் சுருட்டி மூடற, தண்ணி புகாத டிரை பேக்குக்குள்ள போட்டுத்தான் உள்ள வைக்கணும். ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் வால்பாறை போறதா இருந்தா இது இல்லாம போகவே போகாதீங்க. குளிர்ல மேல இருந்துட்டு சூடான எடத்துக்கு இறங்கினா டிரை பேக்கை உடனே திறக்காதீங்க, ஒரு மணி நேரம் விட்டுத் திறந்தா லென்ஸ்ல ஈரம் படியாது.

அட்டைக் காட்டுல பேக்கை புல்லுல வைக்காதீங்க, பாறை மேல வைங்க, வைக்கறப்ப பட்டை இருக்கற பக்கம் மேல பாத்து இருக்கட்டும். சைடு பாக்கெட்ல பிஸ்கட் வைக்காதீங்க, குரங்கு ஜிப்பை இழுத்துடும். ட்ரைபாட் ஒரு பக்கம் கட்டினா இன்னொரு பக்கம் தண்ணி பாட்டில் இருக்கணும், இல்லேன்னா நடை ஒரு பக்கமா சாயும்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவை பேக்லயே விட்டுடாதீங்க, ஸ்பாஞ்ச் குடிச்ச வேர்வையும் ஈரமும் லென்ஸுக்கு பூஞ்சை கொண்டு வரும், கியூப்பை கழட்டி நிழல்ல நல்லா காய வைங்க.

பத்தாயிரத்துல பாதிக்கு மேல பேக்குக்கே போகட்டும், அடுத்து கியூப், டிரை பேக். கிளிப்புக்கு காசு மிஞ்சலைன்னா அடுத்த மாசம் வாங்கிக்கலாம்.