31-பிட் முறைக்கு மாறியதும் எஸ்0சி4: பேஸ் ரிஜிஸ்டரின் மேல் பைட்டைப் பாருங்கள்

ஐபிஎம் மெயின்ஃபிரேமில் 24-பிட் முகவரி முறையிலிருந்து 31-பிட்டுக்கு மாறியதும் உங்கள் பழைய அசெம்பிளர் நிரல் எஸ்0சி4-ல் (தொடக்கூடாத அல்லது இல்லாத முகவரியைத் தொட்டால் வரும் பிழை) விழுகிறது. முறை மாறுவதற்கு முன் பிஏஎல்ஆர் கட்டளையால் ஏற்றிய பேஸ் ரிஜிஸ்டரை (மற்ற முகவரிகளைக் கணக்கிட அடிப்படையாகும் முகவரியை வைத்திருப்பது) 31-பிட்டுக்கு மாறிய பிறகும் பயன்படுத்துகிறீர்கள். நிரல் விழ பெரும்பாலும் அதுதான் காரணம். அந்த வரியை பிஏஎஸ்ஆர் ஆக்குங்கள்; அதுவும் அதே வேலையைச் செய்யும், ஆனால் 24-பிட் முறையில் மேல் பைட்டைச் சுழியாக விடும்.

1964-ல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் சிஸ்டம்/360-ல் ரிஜிஸ்டர் 32 பிட், முகவரி 24 பிட்தான். மிச்சமிருந்த 8 பிட்டை முகவரிக்காகப் புராசஸர் பார்ப்பதே இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் பிஏஎல்ஆர், கட்டளையின் நீளம், கண்டிஷன் கோட் (முந்தைய கணக்கீட்டின் முடிவைச் சொல்லும் குறி), புரோகிராம் மாஸ்க் (சில பிழைகளில் நிரலை நிறுத்துவதா என்று சொல்லும் பிட்டுகள்) மூன்றையும் வைத்துவிடும். நினைவகம் அரிதாக இருந்த காலத்துக்கு அது நல்ல சிக்கனம். ஆனால் 31-பிட் முறையில் அதே பிட்டுகள், முதல் பிட் தவிர, முகவரியில் சேர்ந்துவிடுகின்றன.

டம்ப்பில் (நிரல் விழுந்தபோது எடுத்த நினைவகப் பதிவு) அந்த ரிஜிஸ்டரைப் பாருங்கள். மேல் பைட் ஹெக்ஸில் (16 அடிப்படை எண்) 40, 50, 60, 70 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். 50 என்றால் போக வேண்டிய இடத்திலிருந்து 1.25 ஜிபி தள்ளிப் போயிருக்கிறீர்கள். பிஏஎல் (பிஏஎல்ஆரின் நான்கு பைட் வடிவம்) போட்ட இடங்களையும் விடாதீர்கள்: அங்கே 80 விழுந்தால் தற்செயலாக ஓடும், ஏனென்றால் முதல் பிட் முகவரியில் சேராது. கண்டிஷன் கோட் மாறிய அன்று உடையும்.

அப்புறம், எல்லா இடத்திலும் மேல் பைட்டைச் சுழியாக்கிவிடாதீர்கள். ஒரு நிரலுக்கு அனுப்பும் பாராமீட்டர் பட்டியலின் கடைசி முகவரியில் முதல் பிட் 1 என்றால் பட்டியல் அங்கே முடிகிறது என்று அர்த்தம். அதைச் சோதித்த பிறகே அழியுங்கள்.