பழைய படத்தில் இருக்கும் போர் விமானம் எது?

கேள்வி: எங்கள் குடும்ப ஆல்பத்தில் ஓர் இரட்டை இறக்கை விமானத்தின் படம் இருக்கிறது. இரண்டு இருக்கை, நாலு இலை புரொப்பல்லர். ஒவ்வொரு பக்கமும் இறக்கைகளுக்கு நடுவே இரண்டு ஜோடிக் கட்டைகள். எஞ்சினிலிருந்து இரண்டு புகைக்குழாய்கள் மேல் இறக்கை வரை நிமிர்ந்து நிற்கின்றன. வட்டச் சின்னத்தின் நடுப்பகுதி கறுப்பு, வெளி வளையம் வெளிர். பின்பக்கம் பென்சிலில் 'சாப்வித் கேமல், 1916' என்று எழுதியிருக்கிறது. பழம்பொருள் வியாபாரி ஒருவர், 'இது அபூர்வமான பிரெஞ்சு விமானம், சான்றிதழ் வாங்கித் தருகிறேன், படத்தைக் கொடுங்கள்' என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்னதும் தப்பு, பென்சில் எழுத்தும் தப்பு.

கேமல் முதல் உலகப் போரில் பறந்த ஒற்றை இருக்கை பிரிட்டிஷ் விமானம். படைப்பிரிவுகளுக்கு வந்ததே 1917 நடுவில்தான். படத்தின் பின்னால் இருக்கும் எழுத்தைப் பலரும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். பல வருஷம் கழித்து யாரோ ஞாபகத்திலிருந்து எழுதியதாக இருக்கும். அல்லது விலை ஏறட்டும் என்று விற்றவர் எழுதியதாக இருக்கும். சந்தையில் மூக்கும் இறக்கையும் உள்ள எல்லாமே கேமல்தான்!

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் அதே போரில் பறந்த பி.ஈ.2சி என்ற பிரிட்டிஷ் விமானத்துக்குப் பொருந்துகின்றன. ஒன்றை மட்டும் பாருங்கள். ஆர்.ஈ.8 என்ற விமானத்துக்கும் நாலு இலை, நிமிர்ந்த புகைக்குழாய் உண்டு. ஆனால் அதில் விமானி முன்னால், பார்வையாளர் (கீழே நடப்பதைக் கவனிக்கும் இரண்டாவது ஆள்) துப்பாக்கியோடு பின்னால். பி.ஈ.2சி-யில் நேர்மாறு: பார்வையாளர் முன்னால், கட்டைகளுக்கும் கம்பிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பி.ஈ.2 வகைகள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3,500 விமானங்கள் செய்தார்கள். அபூர்வம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்புறம் அந்த வட்டச் சின்னம். பிரெஞ்சுச் சின்னத்தில் நடுவில் நீலம், வெளியே சிவப்பு. பிரிட்டிஷ் சின்னத்தில் நடுவில் சிவப்பு, வெளியே நீலம். நடுவில் கறுப்பாகத் தெரிவதைப் பார்த்து 'அடர் நீலம், ஆகவே பிரெஞ்சு' என்று முடிவு கட்டியிருக்கிறார் வியாபாரி. அந்தக் காலத்து ஃபிலிமுக்கும், ஃபிலிமுக்குப் பதிலாகப் படம் பிடித்த கண்ணாடித் தட்டுக்கும் பெரும்பாலும் சிவப்பு தெரியாது. அதனால் படத்தில் சிவப்பு கறுப்பாகும், நீலம் வெளுத்துப் போகும். உங்கள் படத்தில் கறுத்த நடு என்றால் அது சிவப்பு, அதாவது பிரிட்டிஷ்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கேமராவின் முன்னால் மஞ்சள் கண்ணாடி போட்டு எடுத்திருந்தால் நீலமும் கறுக்கும். சிவப்பையும் உணரும் ஃபிலிமாக இருந்தால் சிவப்பு அவ்வளவு கறுக்காது. இரண்டும் சேர்ந்தால் எது எந்த நிறம் என்று சொல்லவே முடியாது. எப்படிக் கண்டுபிடிப்பது? வானத்தைப் பாருங்கள். வெறும் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தால் பெரும்பாலும் பழைய ஃபிலிம், மஞ்சள் கண்ணாடி இல்லை, நான் சொன்ன கணக்கு சரி. மேகங்கள் தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் சின்னத்தின் நிறத்தை நம்பாதீர்கள். விமானத்தின் உருவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள். மேகமூட்டமான நாளில் எடுத்த படமென்றால் இந்தச் சோதனையும் உதவாது.

படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பக்கத்தில் சீருடையில் யாராவது நின்றால், விமானியின் இறக்கைச் சின்னம் அவருடைய இடது மார்பில் இருக்க வேண்டும்.

இனி முக்கியமான வேலை. படத்தை 1,200 டி.பி.ஐ.யில், ஓரங்களை வெட்டாமல், இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். வாலருகே எண் இருக்கிறதா என்று தேடுங்கள். பிரிட்டிஷ் ராணுவ விமானங்களுக்கு முதலில் வெறும் எண். 1916-லிருந்து 'ஏ' என்ற எழுத்தோடு புது வரிசை. எந்த எண்கள் எந்த ரகத்துக்கு, எந்தத் தொழிற்சாலைக்கு ஒதுக்கப்பட்டன என்பது பதிவில் இருக்கிறது. படத்தைக் கூர்மையாக்கும், வண்ணம் பூசும் செயலிகளில் தயவுசெய்து போடாதீர்கள். அவை மங்கிய 3-ஐ அழகான 8 ஆக்கும், இல்லாத கட்டையை வரைந்து வைக்கும். அதையே நம்பி எனக்கு வாதாடி எழுதுகிறவர்களும் உண்டு.

சான்றிதழைப் பற்றி ஒரே வார்த்தை: இப்படிப்பட்ட படத்துக்கு அது வெறும் காகிதம். கூடவே அசல் படம் கைமாறிவிடும், திரும்பி வரும்போது அது பிரதியாக இருக்கலாம்.

ஆவணக் காப்பகங்களுக்கு எழுதலாம்தான். ஆனால் 'விமான எண், படைப்பிரிவு, தேதி ஆகியவற்றைக் குறிப்பிடவும்' என்று ஒரு படிவம் வரும். அதெல்லாம் தெரிந்தால் நாம் ஏன் எழுதப் போகிறோம்? யோசிக்கத் தெரிந்த ஒருவர்கூட அந்தப் படிவத்தைப் படித்துப் பார்த்ததில்லை போலும். ஆகவே எண் கிடைத்த பிறகு, 'இந்த எண்ணுள்ள விமானம் எந்தப் படைப்பிரிவில் இருந்தது?' என்று ஒரே கேள்வியாக எழுதுங்கள். அதற்குப் பதில் வர வாய்ப்பு உண்டு. எண் கிடைக்கவில்லை என்றால், ஆல்பத்தில் 'பி.ஈ.2சி ஆக இருக்கலாம்' என்று தனிச் சீட்டில் எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போட்டு வையுங்கள். படத்தின் பின்னால் எழுதாதீர்கள்.