கென்யாவின் நந்தி மக்கள்: ஓட்டத்தைத் தாண்டி என்ன வரலாறு?

'மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே நந்தி இனத்தவர் என்று படித்தேன். ஓட்டம் தவிர அந்த மக்களுக்கு என்ன வரலாறு?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

1968 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கிப் கெய்னோவும் நந்திக்காரர்தான். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, 1895 முதல் 1905 வரை, பிரிட்டிஷ் படைக்கு அடங்காமல் நின்றவர்கள் இவர்கள். என்னைக் கேட்டால் முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

கிப்சிகிஸ், துகென், கெய்யோ, மரக்வெட் மக்களைப் போல நந்திகளும் கலென்ஜின் இனக்குழுவில் ஒரு பிரிவு. மாடுதான் இவர்களுக்குச் சொத்து. கரி பூசிய சுரைக்குடுவையில் பாலைப் புளிக்க வைத்து 'முர்சிக்' செய்வார்கள். ஜெயித்துத் திரும்பும் வீரர்களை இன்றும் விமான நிலையத்தில் அதைக் கொடுத்துத்தான் வரவேற்கிறார்கள்.

தலாய் குலத்தில் வரும் 'ஒர்கோயோட்' என்ற ஆன்மிகத் தலைவர் அந்தக் காலத்தில் குறி சொல்வார். போருக்குப் போகுமுன் அவர் ஆசி வேண்டியிருந்தது. நெருப்பும் புகையும் கக்கும் இரும்புப் பாம்பு கிழக்கிலிருந்து வரும் என்று ஒர்கோயோட் கிம்ன்யோலே சொன்னதாக நந்திகள் நம்புகிறார்கள். சொன்னபடியே பிரிட்டிஷாரின் ரயில் வந்தது. அவர் மகன் கொய்தலெல் சமோய் காலத்தில் வீரர்கள் தந்திக் கம்பியை அறுத்து நகை செய்துகொண்டார்கள், தண்டவாள ஆணிகளைப் பிடுங்கி ஆயுதமாக அடித்தார்கள். 1905 அக்டோபர் 19 அன்று சமாதானம் பேசலாம் என்று கொய்தலெலை வரவழைத்து, மைனர்ட்ஷாகன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி சுட்டுக் கொன்றார். விசாரணைகளில் அவர்மேல் குற்றமில்லை என்று தீர்ப்பானது. அப்புறம் நந்திகளின் நிலம் பறிபோனது.

அதோடு முடியவில்லை. ஒரு தலைமுறை வீரர்கள் அடுத்த தலைமுறையிடம் பொறுப்பை ஒப்படைக்கும் சடங்கு ஒன்று இருந்தது. வெள்ளைக் காளையை அறுத்து, அதன் தோலில் ஆளுக்கொரு மோதிரம் செய்து விரலில் போட்டுக்கொள்வார்கள். 1923-இல் அந்தச் சடங்கு நடந்தால் கலகம் வெடிக்கும் என்று பயந்து அரசு தடை போட்டது. கொய்தலெலின் மகன் பர்சிரியன் அரப் மன்யேயைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் 1964-இல்தான் விட்டார்கள். கென்யா விடுதலை பெற்றதே 1963 டிசம்பரில்! கென்ய அரசியல் கைதிகளில் இவ்வளவு நீண்ட காலம் அடைபட்டுக் கிடந்தவர் வேறு யாருமில்லை என்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் இவர் பெயரைக் கேட்டிருப்போம்?

மைனர்ட்ஷாகன் எடுத்துப்போன கொய்தலெலின் கைத்தடிகள் 2006-இல் கென்யாவுக்குத் திரும்பி வந்தன. அந்தப் பக்கம் போக வாய்த்தால் நந்தி ஹில்ஸ் ஊரில் அவர் நினைவிடத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.