செம்பு ஏன் நழுவுகிறது? வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் செம்பு-64 பற்றிய கேள்விகள். ஸ்கேன் எடுக்க உடம்புக்குள் ஏற்றும் கதிரியக்கச் செம்பு அது; அதைக் கவ்விப்பிடித்து மருந்தோடு வைத்திருக்கும் மூலக்கூறுதான் இணையி. கனமான கேள்வியை முதலில் எடுக்கிறேன்.

கேள்வி: சேர், டோட்டா என்ற இணையி செம்பைப் பிடிக்கும் உறுதி மாறிலி 10இன் 22ஆம் அடுக்கு என்று படித்தோம். அப்படியிருந்தும் எலியின் ஈரலில் செம்பு போய்ச் சேர்வது ஏன்? (இறுதியாண்டு மாணவி, வந்தாறுமூலை)

மகள், இப்படி இணையி உலோகத்தைக் கவ்விய சேர்மத்துக்குப் பெயர் கீலேட். அந்தச் சொல்லே நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வாவிக்கரைப் பிள்ளைக்கு நண்டுக்கடி பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடித்தால் உயிர் போகும்; கையைத் தண்ணீருக்குள் விட்டால் கொஞ்ச நேரத்தில் தானே விட்டுவிடும். பிடியின் இறுக்கம் ஒன்று, விட எடுக்கும் நேரம் வேறொன்று. உறுதி மாறிலி இறுக்கத்தை மட்டும்தான் சொல்லும். இரத்தத்தில் அல்புமினும், ஈரலில் சுப்பரொட்சைட்டு டிஸ்மியூட்டேசும் செம்புக்காகக் காத்திருக்கின்றன. அங்கே போன செம்பு திரும்பி வராது.

எண்ணில் பாருங்கள். சைக்லாம் என்ற நான்கு நைதரசன் வளையத்துக்கு மாறிலி 10இன் 27ஆம் அடுக்கு. அதே வளையத்தின் எதிரெதிர் நைதரசன்களை இரண்டு காபன் கொண்ட பாலத்தால் இணைத்து, இரண்டு அசற்றேற்றுக் கைகளும் பூட்டினால் சிபி-டிஇ2ஏ. அதற்கும் ஏறக்குறைய 27தான். செம்பைப் பிடித்த இரண்டையும் 5 மோலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில், 90 பாகை செல்சியசில் வைத்தால், பாதிச் செம்பு கழன்றுபோக சைக்லாமுக்கு 2 நிமிடம்கூட ஆகாது. பாலம் போட்டதற்கு 154 மணி நேரம்! சாதாரண வளையத்தில் ஒரு நைதரசன் வெளிப்பக்கம் திரும்பிப் அமிலத்தின் புரோத்தனை வாங்கிக்கொள்ளும். அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது; செம்பு கழன்றுவிடும். பாலம் போட்டதில் திரும்ப இடமே இல்லை. இது கொடுக்கு இல்லை, நண்டுக்கூடு.

ஆனால் உடம்புக்குள் 5 மோலர் அமிலம் ஏது? அங்கே இன்னொரு வழியும் உண்டு: செம்பு(II) ஒடுக்கப்பட்டு செம்பு(I) ஆகிவிட்டால், அது விரும்பும் வடிவமே வேறு, பழைய வளையம் பொருந்தாது. அதனால் அமிலச் சோதனையை மட்டும் காட்டி ‘உறுதியானது’ என்று எழுதும் ஆய்வறிக்கையை நான் முழுதாக நம்புவதில்லை.

கேள்வி: அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் பாலம் போட்டதையே பாவிக்கலாமே? (சம்மாந்துறை)

அதற்குள் செம்பைப் பூட்டுவதற்கு 95 பாகை வரை சூடாக்க வேண்டும். சிறு பெப்தைட்டு தாங்கும். பிறபொருளெதிரி என்ற பெரிய புரதமோ அவித்த முட்டைதான். கன்பராவில் சார்ஜெசன் குழு உருவாக்கிய சார்கோபஜின் கூடு அறை வெப்பநிலையிலேயே செம்பை ஏற்கும். என் ஓட்டு அதற்கே. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அமெரிக்காவில் 2020 செப்டெம்பரில் அனுமதி பெற்ற செம்பு-64 மருந்தில் இருப்பது சாதாரண டோட்டாதான். அதைச் சுமக்கும் பெப்தைட்டு இரத்தத்திலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடுவதால், ஓரளவு கசிவு பொறுக்கத்தக்கது. நாட்கணக்கில் சுற்றும் பிறபொருளெதிரிக்கு அந்தச் சலுகை இல்லை.

கேள்வி: ஸ்கேனுக்குப் புளோரின்-18 இருக்கச் செம்பு எதற்கு? (அக்கரைப்பற்று)

தூரம். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு இரவு ரயிலில் எட்டு மணி நேரம் என்று வையுங்கள். 110 நிமிட அரைவாழ்வுள்ள புளோரினில் வந்து சேர்வது இருபதில் ஒரு பங்கு. 12.7 மணி நேரம் உள்ள செம்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவு மிஞ்சும்.

கேள்வி: அம்மாவுக்கு வெளிநாட்டில் செம்பு ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள். செம்பு நஞ்சாகாதா? செம்புக் குடத்துத் தண்ணீரை நிறுத்தவா? (கல்முனை)

பயப்படாதீங்க தங்கச்சி. ஊசியில் இருக்கும் கதிர்ச்செம்பு ஏறக்குறைய ஒரு நனோகிராம். நாம் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டில் எடுப்பது ஒரு மில்லிகிராம் அளவு, பத்து இலட்சம் மடங்கு. இங்கே யோசிக்க வேண்டியது கதிர்வீச்சைத்தான். பாலூட்டுபவரோ கர்ப்பிணியோ என்றால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும். குடம் இருக்கட்டும்.

கேள்வி: நோட்டா என்ற இணையியுடன் செம்பு-64 சேர்க்கும் விளைவு ஒரு நாள் நல்லது, மறுநாள் மோசம். என்ன பிழை? (ஆய்வு மாணவர்)

தம்பி, உங்கள் செம்பு நனோகிராம் கணக்கு. தாங்கல் கரைசலில் துளி இரும்போ நாகமோ இருந்தால் இணையி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். செம்பு-64 தயாரித்த இலக்குத் தகட்டிலிருந்து வந்த நிக்கலையும் பாருங்கள். கரைசலை, உலோக அயன்களைப் பிடித்துவைக்கும் கீலெக்ஸ் பிசினூடாக வடித்தெடுங்கள். எனக்கும் இதே கதைதான் நடந்தது. மூன்று வாரம் இணையியைத் திட்டினேன், கருவியைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், அசற்றேற்று உப்பை நிறுக்க நான் பாவித்த எவர்சில்வர் கரண்டியின் நுனியில் துருப் புள்ளி.