பூமரங்களில் குரோமோசோம் எண்ணிக்கையை மாற்றுவது எதற்காக?

பெரிய பூக்களுக்காக மட்டுமே இதைச் செய்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அது ஒரு காரணம்தான், முதன்மையான காரணம் என்று நான் கருதவில்லை. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் கதிர்கோல் இழைகள் உருவாகாமல் கோல்ச்சிசின் என்ற தாவர நச்சுப்பொருள் தடுத்துவிடுவதால், இரட்டித்த குரோமோசோம்கள் ஒரே செல்லில் தங்கி, இரண்டு குரோமோசோம் தொகுதிகள் கொண்ட இருமடியச் செடி, நான்கு தொகுதிகள் கொண்ட நான்மடியமாகிறது. செங்காந்தள் கிழங்கிலும் விதையிலும் உள்ள இந்த நச்சுப்பொருளின் இப்பயன் 1937இல் பரவலாக அறியப்பட்டது. இன்று ஒரைசலின் என்ற களைக்கொல்லியையும் பயன்படுத்துகிறார்கள். நான்மடியத்தில் இதழும் இலையும் பெரும்பாலும் தடிக்கின்றன, வளர்ச்சியோ சில வேளை மந்தமாகிறது.

உண்மையான பயன் அடுத்த தலைமுறையில் கிடைக்கிறது. நான்மடியத்தை இருமடியத்தோடு கலந்தால் பிறக்கும் மும்மடியத்தில் மூன்று தொகுதிகள் இருப்பதால், இனச்செல்கள் உருவாகும் குன்றல் பகுப்பில் அவை சரியாக இணைசேர முடியாமல் விதை மிகக் குறைகிறது அல்லது அறவே இல்லாமற்போகிறது. அமெரிக்காவில் தோட்டங்களிலிருந்து தப்பி வெளிநிலங்களை ஆக்கிரமித்துள்ள காலரி பேரி போன்ற மரங்களை நினைத்தால், விதையற்ற பூமரம் எவ்வளவு தேவையானது என்பது விளங்கும்.

இதற்கு நேர்மாறான பயனும் உண்டு, அதுவே என்னை மிகவும் ஈர்ப்பது. கட்டால்பா, கைலாப்சிஸ் என்ற இரு வேறு பூமரப் பேரினங்களைக் கலந்து பெற்ற கைட்டால்பா மலடு. இரு பெற்றோரின் குரோமோசோம்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாததே காரணம். ஒரைசலினால் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதும் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இணை கிடைத்து, அது மீண்டும் விதை தரும் நிலைக்கு வந்தது.